அப்பா அறைச் சுவரைப் பற்றி

கடலூர் முதுநகர்,
16-3-2025

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நான் நலம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் அறைச் சுவரைச் சரிசெய்ய நீ அங்கிருந்தே ஏற்பாடு செய்த நிறுவனத்தாரை, வேலையைத் தொடங்க வேண்டாம் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன் என்று நீ வருந்தக்கூடும். போனில் இந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுவதால், நடந்தது முழுவதையும் எழுதிவிடுகிறேன். படித்த பிறகு நீயே சொல்.

சென்ற நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையில் அந்தச் சுவர் நனைந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் பொங்கல் கழிந்து, வெயில் வந்து, மொட்டை மாடியில் வடகம் காயும் நாளிலும் சுவரின் ஓதம் காயவில்லை. தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு ஒரே மட்டமாகச் சுண்ணாம்பு உரிந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குளியலறையை ஒட்டிய மூலையில் மட்டும் ஈரம் நான்கடி வரை ஏறியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். பெயிண்ட் அடிப்பவர் வாட்டர்புரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் போதும் என்றார். நம் தெருக் கொத்தனார் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கலவையில் மருந்து கலந்து சிமெண்டால் பூசிவிடலாம் என்றார். நீ அனுப்பிய நிறுவனத்துப் பையன் ஒரு சிறு கருவியைச் சுவரில் வைத்தான், அது சத்தமிட்டது, அரை மணி நேரத்துக்குள் ரூ.85,000 என்று எழுதிக் கொடுத்தான். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு மருந்து ஏற்றுவார்களாம், பத்து ஆண்டு உத்தரவாதமாம். மூவரில் ஒருவர்கூடச் சுவரின் மறுபக்கம், சந்துக்குள் போய்ப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று அந்தப் பையனிடம் கேட்டேன். மீட்டர் காட்டுகிறதே அம்மா என்றான். ஈரம் இருக்கிறது என்பதை என் உள்ளங்கையே காட்டுகிறது. எதனால் என்பதைத்தானே நான் கேட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருக்கும் உன் சின்ன மாமாவிடம் சொன்னேன். பெயிண்டோ மருந்தோ விற்காத, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் கூலி வாங்குகிற ஒருவர் வேண்டும் என்றேன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை மாமா அழைத்து வந்தார். அவர் வீட்டுக்குள் நுழையும் முன்பே தெருவையும் பக்கத்துச் சந்துப் பாதையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்று எதையும் முடிவு செய்ய வேண்டாம், மூன்று வாரம் நான் சொல்கிறபடி பார்த்து எழுதி வையுங்கள் என்றார். இரண்டு முறை வந்ததற்கு ரூ.2,000 வாங்கிக்கொண்டார். இந்த வீட்டுக்காக நான் செய்த செலவுகளில் இதைப் போல் பயன்பட்டது வேறில்லை.

ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார். ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் மூடி வைக்கச் சொன்னார். அறைக்காற்றின் ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறதென்றால் தாளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும், சுவருக்குள்ளிருந்து வருகிறதென்றால் உட்பக்கம் நனையும் என்று விளக்கினார். இரண்டாம் நாள் காலையில் உட்பக்கம்தான் நனைந்திருந்தது. பிறகு ஓர் இரவு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்து வைத்தோம். விடியற்காலையில் குறி மாறவில்லை, ஆகவே தண்ணீர் வரும் குழாயில் கசிவில்லை. கடைசியாகக் குளியலறைத் தரையின் வடிகால் வாயைத் துணி சுற்றி அடைத்து, இரண்டு அங்குலத்துக்கு நீர் நிறுத்தி ஒரு நாள் முழுவதும் விட்டோம். மட்டம் அரை அங்குலம் இறங்கியது. அந்த வாரமே மூலையிலிருந்த பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் இரண்டு விரல்கடை ஏறியது. சுவரின் மற்ற பகுதியில் கோடு அசையவில்லை.

ஆகவே நோய் ஒன்றல்ல, இரண்டு. மூலையில் ஏறியது குளியலறைத் தரையும் சுவரும் சேரும் இடத்தில் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் நீர். கீழே ஒரே மட்டமாக நிற்பது மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி மேலேற்றும் ஓதம். உன் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு இது, சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரைக் கல் சுவர். மண்ணின் ஈரத்தைத் தடுக்க இன்று பேஸ்மட்டத்தின் மேல் போடும் டி.பி.சி. என்ற அடுக்கு அதில் இல்லை. அப்படியிருந்தும் இத்தனை காலம் சுவர் வறண்டுதான் இருந்தது. ஏனென்றால் அறைத் தரை சந்தின் மட்டத்தைவிட ஒன்றரை அடி உயரமாக இருந்தது, ஏறிய சிறிது ஈரமும் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விட்டது. தெருவில் பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தினார்கள். தெரு நீர் உள்ளே வராமலிருக்க நாமும் சந்தில் கான்கிரீட் போட்டு உயர்த்தினோம். இப்போது சந்து நம் அறைத் தரைக்குச் சமமாக நிற்கிறது, சரிவும் சுவரை நோக்கியே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அப்பாவைக் குறை கூறுவதாக எடுத்துக்கொள்ளாதே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, வீடு உறுதியாக இருக்கட்டும் என்று அவர் கடன் வாங்கிக் கீழ்ச்சுவர் முழுவதும் சிமெண்ட் பூச வைத்தார். அன்று எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் சிமெண்ட் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது, உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் உயரம் தேடி ஏறும். உப்பனாறு அருகிலிருக்கும் நம் பகுதியில் நிலத்தடி நீரிலும் உப்பு உண்டு. அந்த உப்பு சுவரில் தங்கி, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதெல்லாம் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்கிறது. மழையே இல்லாத நாளில் சுவர் கசகசத்ததற்கு அதுவும் காரணம். மின்சாரம் கடத்துவதை வைத்து ஈரத்தைக் கணக்கிடும் அந்தக் கருவி உப்புக்கும் சேர்த்துத்தான் சத்தமிடும் என்று பொறியாளர் சொன்னபோது, அந்தப் பையன் மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது. அவனுக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை.

துளையிட்டு மருந்து ஏற்றுவது ஏமாற்று வேலை அல்ல, ஒழுங்கான வரிசைக் கட்டுமானத்தில் அது பலன் தரும். நம் சுவரின் காரை ஒரே கனமாக இல்லாததால் மருந்து எல்லா இடத்திலும் பரவுவது கடினம். அதோடு, வெளியே மண் மட்டம் உயர்ந்தே இருக்கும்போது, போடும் தடுப்புக்கு மேலேயே ஈரம் புகுந்துவிடும். முதலில் சந்தின் மட்டத்தைத் தாழ்த்த வேண்டும் என்பது பொறியாளரின் முடிவு, என் முடிவும் அதுதான்.

குளியலறை இடுக்கை பிளம்பர் சென்ற வாரம் அடைத்துவிட்டார், மறுபடி நீர் நிறுத்திப் பார்த்தோம், மட்டம் இறங்கவில்லை. அடுத்து, சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குக் கான்கிரீட்டை உடைத்து, அறைத் தரைக்குக் கீழே முக்கால் அடி தோண்டி ஜல்லி நிரப்பி, நீர் தெருச் சாக்கடைக்கு ஓடும்படி சரிவு கொடுக்கப் போகிறோம். உள்ளே ஈரம் நின்ற உயரத்துக்கு மேல் இன்னும் ஓர் அடி வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். பூக்கிற உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி வெளியே கொட்ட வேண்டும், கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். செங்கல் சுவர் ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கணக்கு. நம்முடையது பதின்மூன்று அங்குலத்துக்கு மேல். ஆகவே வரும் ஐப்பசி, கார்த்திகை மழையை அது வெறுஞ்சுவராகவே கடக்கட்டும், ஜல்லி வேலை பலித்ததா என்பதும் அப்போது தெரியும். அடுத்த பங்குனிக்குப் பிறகு சுண்ணாம்பு பூசலாம். புதுச்சேரி வைசியாள் வீதியில் மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்நின்று பழைய தமிழர் வீடுகளைப் புதுப்பித்தது உனக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட வீடுகளில் சுண்ணாம்பு வேலை செய்து பழகிய கொத்தனார் ஒருவரை மாமா கண்டுபிடித்திருக்கிறார். அதனால் மார்கழியில் நீங்கள் வரும்போது அந்த அறையில் செங்கல் தெரியும், மருமகளிடம் முன்கூட்டியே சொல்லி வை. அப்பாவின் மரப்பெட்டியையும் பீரோவையும் கூடத்துக்கு மாற்றிவிட்டேன்.

நீ அனுப்பிய பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. இந்த வேலைக்கு அதில் பாதிகூட ஆகாது. நிறுவனத்துக்குக் கொடுத்த முன்பணம் ரூ.5,000 திரும்ப வராவிட்டால் என் ஓய்வூதியத்திலிருந்து ஈடு செய்கிறேன்.

நீ ஓர் உதவி செய்ய வேண்டும். 2003-இல் அந்தக் குளியலறையைக் கட்டியபோது, சந்தில் குழாய் பதித்த பள்ளத்தின் அருகே அப்பா நிற்பதை நீ புகைப்படம் எடுத்தாய். அந்தப் படங்கள் உன்னிடமிருக்கும் ஆல்பத்தில்தான் உள்ளன. கழிவுக்குழாய் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று அதில் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்கள் கடப்பாரையோடு வருகிறார்கள். இந்தக் கடிதத்தை மாமாவின் போனில் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்பச் சொல்கிறேன். திங்கட்கிழமை இரவுக்குள் அந்தப் படங்களை எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா