கண்ணாடியில் எரியும் சிறு விளக்கு: மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் என் எட்டு வயது மகள் மடியில் தலைசாய்த்து, வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். எதிர் இருக்கை இளைஞர் அவ்வப்போது காதோரம் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார். ரயில் கிண்டி நிலையத்தின் கூரை நிழலுக்குள் நுழைந்தபோதுதான், அதன் ஓரத்தில், கேமரா பதிவு நடப்பதைக் காட்டும் மிளகளவு வெள்ளை விளக்கு எரிவது தெரிந்தது. கேட்டதும் அவர் பதறி, என் கண்முன்னே வீடியோவை அழித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை; நிழல் விழாதிருந்தால் எனக்குத் தெரியவே வந்திருக்காது என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.

கைப்பேசியை உயர்த்துபவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எடுக்காதீர்கள் என்று சொல்லலாம். சட்டகத்திலேயே கேமரா பொருத்திய இந்தக் கேமரா கண்ணாடி அந்த வாய்ப்பைப் பறிக்கிறது. 2024-இல் ஹார்வர்டு மாணவர்கள் இருவர், இத்தகைய கண்ணாடியை முகம் தேடும் மென்பொருளோடு இணைத்து, வழியில் கண்ட அந்நியர்களின் பெயரையும் முகவரியையும் எடுத்துக்காட்டினார்கள்.

பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவரின் அந்தரங்கம் பறிபோவதில்லை என்று 2017-இல், அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எழுதினார்கள். ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு பெண்ணின் அந்தரங்கச் செயல்களையும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு உடலின் அந்தரங்க உறுப்புகளையும் மட்டுமே காக்கின்றன. ரயிலில் உறங்கும் குழந்தையின் முகம் இவை எதற்குள்ளும் அடங்கவில்லை.

இக்கண்ணாடிகளைத் தடைசெய்யச் சொல்லவில்லை. பார்வையற்ற என் நண்பர் ஒருவர் மருந்துச் சீட்டை வாசிக்க இதைத்தான் நம்பியிருக்கிறார். இப்படி எடுத்த படத்தைப் பொதுவெளியில் பதிவேற்றினாலோ முகத்தை வைத்து ஆளைத் தேடினாலோ அது தனிப்பட்ட தேவை ஆகாது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் தெளிவுபடுத்துங்கள். தென் கொரியாவில் கைப்பேசி படமெடுக்கையில் ஒலி எழுப்ப வேண்டும் என்ற தரநிலை 2004-லேயே வந்தது. அதுபோல் இங்கு விற்கும் ஒவ்வொரு கேமரா கண்ணாடிக்கும் விளக்கையும் ஒலியையும் கட்டாயமாக்கி, விளக்கைச் செயலிழக்கச் செய்தால் பதிவும் நின்றுவிட வேண்டும் என்று ஆணையிடுங்கள். அந்த விளக்கின் ஒளியை ஆய்வுக்கூடத்தில் மட்டும் அளக்காமல், நண்பகல் வெயில் விழும் ரயில் பெட்டியில், எதிர் இருக்கையிலிருந்தும் பார்த்துச் சோதிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தாம்பரம் தடத்தில் நாள்தோறும் பயணிக்கும் ஒரு தாய்