ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கூடிக் கதை நகர்த்தும் ஆட்டம். அந்த மேசையில் கதையை நடத்தும் டிஎம்முக்கு (டன்ஜன் மாஸ்டர்) தனி நாற்காலி, குறிப்புகளை மறைக்க முன்னால் ஒரு ஸ்க்ரீன், ஆட்டம் முடிந்ததும் பாராட்டு. அந்த நாற்காலியில் இத்தனை வருடங்களாக மாறி மாறி உட்கார்ந்த நாங்கள், ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் இருந்து, பல நாள் தொடரும் கதையான கேம்பெயினைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு எழுதும் மடல் இது.

நோட்டு வைத்திருந்தவரிடமிருந்து தொடங்குகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு செஷன், அதாவது ஒரு நாள் ஆட்டம், என்றால் நடுவில் பாதிப் பெயர்கள் மறந்துபோகும். டிஎம்மின் குறிப்பில் இருப்பது அவர் சொல்ல நினைத்தது. ஆடுபவர்கள் காதில் உண்மையில் என்ன விழுந்தது என்பது உங்கள் நோட்டில்தான் இருந்தது. செஷனுக்கு ஒரு பக்கம். யார் வந்தார்கள், எங்கே நிறுத்தினோம், கிடைத்த பொருள் யார் கையில், புதிய பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் மனதில் நிற்கிற மாதிரி ஓர் அடையாளம். 'படகுக்காரர், இடது கையில் தீக்காயம், 40 பொற்காசு பாக்கி.' இந்த ஒரு வரி போதும், பத்து செஷன் கழித்தும் அந்தப் படகுக்காரர் வந்து பாக்கியைக் கேட்பார். ஒரு மர்மத்துக்கு மூன்று தடயமாவது வைக்க வேண்டும் என்பது ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய விதி. ஒன்றை யாரும் தேட மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். ஆனால் மூன்றும் வெவ்வேறு நாளில் விழுந்தால், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நோட்டு வேண்டும்.

சண்டைகளில் வரிசையைக் கவனித்துக்கொண்டவருக்கு அடுத்த நன்றி. ஐந்து வீரர்கள், எதிரே ஆறு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே ஒரு சுற்றுக்கு 22 நிமிடம். பெயர் எழுதிய அட்டைகளை மடித்து ஸ்க்ரீன்மேல் வரிசையாகத் தொங்கவிட்டு, "இப்ப நீங்க, அடுத்து நீங்க, ரெடியா இருங்க" என்று குரல் கொடுத்தீர்களே, அதில்தான் வேகம் வந்தது. அடி விழுமா என்று பார்க்கும் 20 முகப் பகடையான டி20யையும் சேதத்துக்கான பகடையையும் ஒரே கையில் சேர்த்து உருட்டலாம் என்று பழக்கியதும் நீங்கள்தான். எங்கள் பக்கமும் மிச்சப்படுத்த வழி உண்டு: கோப்ளின் கூட்டம் முழுவதற்கும் ஒரே இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று காட்டும் எண்), சேதத்துக்கு உருட்டாமல் புத்தகத்தில் அச்சிட்ட சராசரி 5.

சண்டை சரியாக அமையவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு நாங்கள் அதிகம் கடன்பட்டிருக்கிறோம். புது டிஎம்கள் பலரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது: லெவல் ஒன்றில், அதாவது தொடக்க நிலையில், இருக்கும் குழுவுக்கு எதிரே ஒற்றை ஓகரை (பெரிய அரக்கனை) நிறுத்துவது. 2014 விதிப்படி ஓகரின் தடி சராசரி 13 சேதம் தரும். மந்திரவாதிக்கு 6 ஹிட் பாயிண்ட்தான் (உயிர்ப் புள்ளி) என்றால் 6 கழிந்து மீதி 7. அந்த மீதி அவருடைய முழு ஹிட் பாயிண்டை எட்டிவிடுவதால் மயக்கமே கிடையாது, நேராக மரணம். உடல் உறுதியைக் குறிக்கும் கான்ஸ்டிட்யூஷன் 14 இருந்து ஹிட் பாயிண்ட் 8 ஆகியிருந்தால் மீதி 5, மயங்கி விழுவார், நண்பர்கள் எழுப்பிவிடலாம். ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 12 உள்ளவர்மேல் ஓகரின் அடி விழும் வாய்ப்பு 75 சதவீதம். முதல் செஷனிலேயே ஒருவரின் கதாபாத்திரம் போய்விட்டால் அவர் மாலை முழுவதும் சும்மா உட்கார வேண்டும், அது கொடுமை. இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஐந்து பேர் ஐந்து முறை அடிக்க, தனியாக நிற்கும் பெரிய எதிரிக்குக் கிடைப்பது ஒரு முறைதான். இரண்டு சுற்றில் கதை முடிந்துவிடும். பலத்தை மூன்று நான்கு எதிரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், கொல்வதைத் தவிர வேறொரு நோக்கத்தைச் சண்டைக்குள் வைப்பதும் உங்கள் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்குப் படிந்தது.

சண்டைக்களம் வரையும் கட்டம் போட்ட வினைல் விரிப்பை அன்றிரவே துடைத்து வைத்தவரே, உங்களால்தான் அது இன்னும் பயன்படுகிறது. ஈரத்துணியில் அழியும் பேனாவால் மட்டும் வரைய வேண்டும். சிவப்பு மையை ஓர் இரவு விட்டால் கறை தங்கிவிடும், ஒயிட்போர்டு மார்க்கர் அதைவிட மோசம். மடித்தால் கோடு விழும், அதனால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். வீட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டு, பஜ்ஜித் தட்டை இடைவேளைக்கு மட்டும் கொண்டுவந்த அக்காவுக்கும் நன்றி. எண்ணெய் பட்ட கேரக்டர் ஷீட்டில் பென்சில் எழுதாது. ஐந்து பேரில் மூவர் வந்தாலே ஆட்டம் உண்டு என்று அடித்துச் சொன்னவர் இல்லாவிட்டால் ஒரு கேம்பெயினும் முடிந்திருக்காது.

மேசை நடுவில் 'எக்ஸ்' எழுதிய அட்டை வைக்கும் வழக்கம் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் தந்தது. காட்சி யாருக்காவது சங்கடமாக இருந்து அதைத் தொட்டால், காட்சி அங்கேயே விலகும், காரணம் கேட்கக் கூடாது. தயங்காமல் அதைத் தொட்டவர்களுக்கு வணங்கி நன்றி சொல்கிறோம். அட்டையை வைப்பது எளிது, அது வேலை செய்யும் என்ற நம்பிக்கையை மற்றவர்களுக்குத் தந்தது நீங்கள்.

நாங்கள் நேரில் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்ட கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். அவர்களுக்கு முன்பே மினசோட்டாவில், ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் பிரவுன்ஸ்டைன் ஆட்டங்களை நடத்திக்காட்டிய டேவிட் வெஸ்லி. ஆட்ட வரைபடங்களில், ஒரே வழியில் உள்ளே போய் வரும் குகைகளுக்குப் பதிலாகப் பல வாசல்களும் சுற்றி வரும் பாதைகளும் வரைந்த ஜெனல் ஜாக்வேஸ். பகடைத் தட்டுப்பாட்டில், எண் அச்சிட்ட துண்டு அட்டைகளைக் குலுக்கி எடுத்து ஆட்டத்தை விடாமல் நடத்தியவர்களும் இதில் சேர்த்தி. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்ததற்கு, அதற்காகக் குரல் கொடுத்த உலகெங்குமுள்ள ஆட்டக்காரர்களே காரணம். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு அந்த விதிகளைத் தமிழில் மொழிபெயர்க்க இன்று யாருக்கும் தடையில்லை.

நோட்டுகள், விரிப்பு, அட்டைகள், ஆறு செட் பகடை எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அடுத்து நாற்காலியில் உட்காரப்போகிறவர் எடுத்துக்கொள்ளலாம். படகுக்காரரின் 40 பொற்காசு இன்னும் பாக்கி.

அன்புடன்,
மாறி மாறி டிஎம்மாக இருந்தவர்கள்