எருசலேமிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. கையெழுத்து மெர்சியுடையது, திட்டு முழுக்க உங்களுடையது. கிறிஸ்துமஸுக்குக்கூட நான் எழுதவில்லை, கோபம் வராமல் என்ன செய்யும்? நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி தூங்கும் நேரம்தான் இங்கே என் நேரம். மற்றபடி நன்றாக இருக்கிறேன். இந்த மாசப் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். ஏஜெண்டு கணக்கு ஒன்று பாக்கி, அது முடிந்தால் சரியாகிவிடும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

குளிர்தான் தாங்கவில்லை. 750 மீட்டருக்கு மேலே மலைமீது ஊர். வீடெல்லாம் கல். வெளிச்சுவர் இந்த ஊர்க் கல்லில்தான் இருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் போட்டார்களாம். பார்க்க அழகு, ராத்திரி படுத்தால்தான் தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. செதிள் உள்ள மீன் மட்டும் இந்த யூத வீட்டுக்குள் வரலாம், இறாலும் நண்டும் வாசல்படி ஏறக்கூடாது. கறிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு வேறு பாத்திரம்.

மேல்வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூதர்களின் ஓய்வுநாளில் வேலை கூடாது என்று அவர் சுவிட்சைத் தொடமாட்டார், என்னைப் போடச் சொல்லவும் கூடாதாம். அதனால் கதவைத் தட்டி, "என் வீடு ரொம்பக் குளிருது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார். நான் போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு வருவேன். மறுநாள் ஒரு ஆரஞ்சு தருவார். பழைய நகரத்து யூதர் தெருவில் பிறந்தவர். 1948 சண்டையில் ஜோர்டான் படை அதைப் பிடித்து, இருந்த யூதர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டது. இவர் குடும்பத்தை இங்கே கத்தமோனில் கொண்டுவந்து வைத்தார்கள். இது அதற்குச் சில வாரம் முன்புவரை அரபுக்காரர்கள் வாழ்ந்த இடம்.

புளி வாங்கப் பழைய நகரத்துத் தமாஸ்கஸ் வாசலுக்குள் ஒரு கடைக்குப் போவேன். அந்தக் கடைக்காரரின் அம்மா கத்தமோனில் பிறந்தவராம்! அந்த வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருக்கிறார்களாம். 1967-ல் இஸ்ரேல் பழைய நகரத்தைப் பிடித்தபிறகு, 1970-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 1948-ல் பழைய நகரம் இருக்கும் கிழக்குப் பக்கம் சொத்தை இழந்த யூதர்கள் அதைத் திருப்பிக் கேட்கலாம். கத்தமோன் மாதிரி மேற்குப் பக்கம் வீட்டை விட்டுப்போன அரபுக்காரர்களுக்கு அந்த வழி இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் எந்தத் தெருவில் வேலை பார்க்கிறேன் என்று கடைக்காரர் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்ட ஆண்டவரின் கல்லறைக் கோவிலுக்கும் போனேன். கிரேக்கர், கத்தோலிக்கர், ஆர்மேனியர், காப்டிக், சிரியர், எத்தியோப்பியர் என்று ஆறு சபைக்கு அங்கே பங்கு. யார் எந்த இடத்தைப் பெருக்குவது என்பதற்குக்கூட வழக்கம் உண்டு. 2008-ல் கிரேக்கத் துறவிகளும் ஆர்மேனியத் துறவிகளும் உள்ளேயே கைகலந்தார்கள். நம் ஊரில் கொடி யார் ஏற்றுவது என்று நடந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை. வாசலுக்கு மேலே ஜன்னலடியில் ஒரு மர ஏணி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கேதான். எல்லோரும் சம்மதிக்காமல் எடுக்க முடியாது. கோவில் சாவியோ இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம், ஒரு குடும்பம் வைத்திருக்கும், மற்றது வந்து திறக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் யூதர்கள் அழுது ஜெபிக்கும் மதில், அதற்கு மேலே அல் அக்சா மசூதி. அந்த மேட்டுக்காக எத்தனை சண்டை! உங்களுக்கு எண்ணெயும் ஜெபமாலையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்றுப் புளி கரைக்கும்போது நீங்கள் குழம்பு தாளிக்கிற வாசம் வந்த மாதிரி இருந்தது அம்மா. பாட்டி கூப்பிட்டது காதில் விழவில்லை. சரி, விடுங்கள்.

வீட்டு விஷயம். பெரியப்பா விடுதலைப் பத்திரம் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கிணற்றுக்குப் போகும் வழி பொது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று ஜோசப் வாசித்துப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் வக்கீலிடம் காட்டட்டும், ஃபீஸ் நான் அனுப்புகிறேன். அப்புறம், பெரியப்பாவோடு பேசாமல் இருக்க வேண்டாம், ஆலிஸ் கல்யாணத்துக்கு அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு கேட்டார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், மெர்சியிடம் சொல்லி வாங்கிவையுங்கள்.

அன்பு மகள்,
ஸ்டெல்லா