வயர்லெஸ் இரைகிறதா? செட்டைக் குறை சொல்லாதீர்கள்

சின்னமுட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் படகு நிறுத்தும் உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறவன் எழுதுகிறேன். "செட் ஒரே இரைச்சல், புதுசு வாங்கணும்" என்று தூக்கிவரும் செட்டுகளில் பல, என் மேசையில் வைத்தால் சுத்தமாகப் பேசுகின்றன. கோளாறு செட்டில் இல்லை அண்ணன்மாரே, படகில் இருக்கிறது. மேல்தட்டில் வரிசையாக மாட்டியிருக்கும் மலிவான எல்இடி விளக்குக்குள் ஒரு சின்ன சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, அதில் கிளம்பும் இரைச்சல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கும், ஆபத்தில் கூப்பிடும் 16-ஆம் சேனல்வரை ஏறிவிடும். செல்போன் சார்ஜரும் இன்வெர்ட்டரும்கூட இதே வேலையைச் செய்யும்.

நீங்களோ இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழைத் திருகிவிடுகிறீர்கள். இரைச்சல் அடங்கும், சரி. தூரத்திலிருந்து மெலிசாகக் கூப்பிடும் படகின் குரலும் சேர்ந்தே அடங்கும். 2017-இல் ஒக்கிப் புயலைப் பார்த்த கரையில் இதற்குமேல் நான் விளக்க வேண்டாம்.

கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. இன்ஜின், விளக்கு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு செட்டை மட்டும் போடுங்கள். யாரும் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் அப்போதுதான் நிற்கிற இடம்வரை ஸ்குவெல்சைத் திருகி, அங்கேயே விடுங்கள். அப்புறம் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் செட் மறுபடி இரைகிறதோ அதுதான் ஆள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எல்இடி பற்றி எச்சரித்தபோது சொன்ன சோதனையும் இதுதான். சின்ன விமானங்களிலும் இப்படி ஒவ்வொன்றாக அணைத்துத்தான் தேடுவார்கள்.

இன்ஜின் வேகம் கூடக்கூட 'ஙொய்' என்ற சத்தமும் ஏறினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். எதை அணைத்தும் குரல் தேறவில்லையென்றால் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றுங்கள், உப்பு ஏறி உள்ளே பச்சை பூத்திருக்கும். செட்டுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், தனி ஃபியூஸ் இழுங்கள். ஆன்டெனா கேபிளை விளக்கு வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், முக்கால்வாசிப் படகில் ஒரே கட்டாகத்தான் கிடக்கிறது!

சங்கத்துக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் முன் எல்லாப் படகிலும் இந்தச் சோதனையைச் செய்யவையுங்கள். புது விளக்கு வாங்கும்போது ஓடுகிற செட் பக்கத்தில் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், கடைக்காரர் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.