சனிக்கிழமை ஹெல்மெட்டோடு வாங்க, மேக்பை சீசன் வந்தாச்சு

டப்போ (ஆஸ்திரேலியா) பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்குப் போகும் சைக்கிள் பாதையில், பெரிய யூகலிப்டஸ் மரத்தில் மேக்பை கூடு கட்டியிருக்கிறது. குஞ்சைக் காக்க, பக்கத்தில் போகிறவர்களைப் பாய்ந்து கொத்தும் கறுப்பு வெள்ளைப் பறவை அது. நேற்று என் மகளின் ஹெல்மெட்டில் இரண்டு தடவை டக் டக்கென்று கொத்திவிட்டுப் பறந்தது, அவளோ வீட்டுக்குள் நுழைந்ததும் "குஞ்சு பொரிச்சிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டாள்.

1. செப்டம்பர் 6, சனி காலை 10 மணிக்குப் பூங்காவில், மேக்பை பின்னாலிருந்து பாயாமல் இருக்க, ஹெல்மெட்டின் பின்பக்கம் கண் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஸ்டிக்கர் என் பொறுப்பு.
2. அதுவரை அந்த மரத்தடியில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.
3. யாரும் கல் எறிய வேண்டாம். முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பறவை அது, சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆறு வாரம்போல் பொறுத்துக்கொண்டால் குஞ்சு பறந்துவிடும், பாவம்.
4. எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.