தூக்கி இறக்கியபின் எத்தனை நிமிடம்?

பாளையங்கோட்டை

அன்புள்ள கூட்டாளிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உம் கடிதம் கிடைத்தது. நீளம் தாண்டும் உம் பையன் ஸ்குவாட் (தோளில் எடைபூட்டிய இரும்புப் பாரை வைத்து உட்கார்ந்தெழுவது) போட்டுவிட்டுத் தாண்டினால் தூரம் கூடாமல் குறைகிறது என்று எழுதியிருந்தீர். 80 கிலோவில் 8 தடவை, ஒரு நிமிடம் மூச்சு வாங்கல், உடனே ஓட்டம். குறையாமல் என்ன செய்யும்வே?

பலமாக ஒருமுறை சுருங்கிய தசையில் அசதியும், அடுத்த அசைவுக்குக் கைகொடுக்கும் முறுக்கும் சேர்ந்தே ஏறுகின்றன. முதல் சில நிமிடம் அசதியின் கைதான் ஓங்கியிருக்கும். அது வடியும்வரை பொறுக்கவேண்டும் என்பது உமக்குத் தெரிந்ததே. ஆனால் முறுக்கு என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் இரண்டு. பலரும் குழம்புவது இங்கேதான்.

முதலாவது, தசை நாருக்குள்ளேயே நடப்பது. சுருங்கும்போது வெளிவரும் கால்சியம் ஒரு நொதியை எழுப்பிவிடுகிறது. அது மயோசின் புரதத்தின் கழுத்தை ஒட்டியுள்ள சிறு சங்கிலியில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே மயோசின் தலை தன் தண்டைவிட்டு விலகி, எதிரே அது பிடித்து இழுக்கவேண்டிய ஆக்டின் இழையை நோக்கிச் சற்று நகர்ந்து நிற்கும். அடுத்த தடவை கொஞ்சம் கால்சியம் வந்தாலே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இது உச்ச பலத்தைக் கூட்டுவதைவிட, பலம் ஏறும் வேகத்தைக் கூட்டுகிறது. வேகமாகச் சுருங்கும் நார் நிறைய உள்ளவனுக்கு இது அதிகம். ஆனால் ஆயுள் குறைவு: அரை நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். 4, 5 நிமிடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது.

அப்படியானால் 8 நிமிடம் கழித்துத் தாண்டும்போது கிடைக்கும் லாபம் எங்கிருந்து வருகிறது? அது இரண்டாவது வகை. தசையின் சூடு, நாருக்குள் ஏறும் நீர், நரம்பின் உசுப்பல் இவற்றிலிருந்து வருவது. 2017-இல் இதற்குத் தனிப் பேரே வைத்துவிட்டார்கள். தசைச் சூடு ஒரு டிகிரி கூடினால் வேகத் திறன் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். ஆகவே உடம்பைச் சரியாகச் சூடேற்றாதவனுக்கு ஸ்குவாட் பெரிய மந்திரம்போலத் தெரியும். நன்றாகச் சூடேற்றியவனுக்கு அதே ஸ்குவாட் சொற்பம்தான் தரும். மார்கழிக் காலையில் கிடைத்த பலன் சித்திரை வெயிலில் காணாமல் போனால் ஆச்சரியப்படாதீர்.

உம் பையன் கணக்குக்கு வருவோம். 80-ஐ 8 தடவை எடுக்கிறவனுக்கு ஒரே தடவை தூக்கும் உச்சம் 100 பக்கம் இருக்கும். அவன் எடை 62. உடம்பு எடையில் ஒன்றேமுக்கால் மடங்கு தூக்குகிறவர்களுக்கு அசதி சீக்கிரம் வடியும். 5 முதல் 7 நிமிடம் போதும். இவன் அந்த 108-ஐ இன்னும் தொடவில்லை. எனவே 85 கிலோவில் 3 தடவை, ஏறும்போது வேகமாக. நான்காவதும் எடுக்கலாம் என்று தோன்றும்போதே பாரை வைத்துவிடவேண்டும். பிறகு 8 நிமிடம். அந்த நேரத்தில் மரத்தடியில் உட்காரவிடாதீர், சூடு இறங்கிவிடும். நடக்கட்டும், இடையில் இரண்டு மெல்லோட்டம். தொடையைப் பிடித்து இழுத்து ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்தும் நீட்டல் வேண்டவே வேண்டாம். ஏறிய பலத்தை அதுவே இறக்கும்.

இவனுக்கு இது பலிக்கிறதா என்பதைச் சுவரே சொல்லும். விரலில் சுண்ணாம்பு தடவி, நின்ற இடத்திலிருந்து குதித்துத் தொடச் சொல்லும். ஒருநாள் ஸ்குவாட்டுடன் 4, 8, 12-ஆம் நிமிடங்களில். இன்னொரு நாள் அதே சூடேற்றல், அதே நிமிடங்கள், ஸ்குவாட் மட்டும் இல்லாமல். இந்த இரண்டாம் நாளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குதிப்பதே தசையை உசுப்பும், ஆகவே ஒப்பிட அந்த நாள் இல்லாமல் கூடியதெல்லாம் ஸ்குவாட்டால் என்று நம்பிவிடுவீர். ஒவ்வொன்றையும் மூன்று நாள் பாரும். ஒரு செ.மீ. வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காதீர், அது அன்றாட ஏற்ற இறக்கம்.

போட்டி மைதானத்தில் பார் கிடைக்காது. கிணற்றுக் கயிறு போதும். நடுவில் மிதித்து, முழங்காலைப் பாதி மடக்கி, இரு முனையையும் பிடித்து, வெட்டி இழுக்காமல் மெதுவாக இறுக்கி 5 விநாடி முழு பலம். மூன்று தடவை, இடையே ஒரு நிமிடம். கயிறும் இல்லையென்றால் ஐந்து உச்சக் குதிப்புகள். அதற்கு அசதி குறைவு, 2, 3 நிமிடத்திலேயே தயாராவான். 12 பேர் இறங்கும் போட்டியில் ஒரு சுற்று முடிய 10 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். முதல் தாண்டலுக்கு ஏற்றியது மூன்றாவதுக்கு நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் தன் முறைக்கு 3 நிமிடம் முன்பு இரண்டு குதிப்பு போடப் பழக்கும்.

வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கப்போகும் பயல்களைப் பற்றியும் கேட்டீர். வழி அதேதான்: சின்னக் கல்லை ஒரே தடவை தோளுக்கு ஏற்றி இறக்கிவிட்டு, 7, 8 நிமிடம் கழித்துப் பெரிய கல். கூட்டம் கைதட்டுகிறது என்று சின்னதையே நாலைந்து தடவை தூக்கிக் காட்டினால் முதலில் ஓய்வது காலல்ல, முன்கை. பிடி விட்டால் தொடையில் எத்தனை முறுக்கு இருந்தும் கல் நெஞ்சுக்கு மேல் போகாது.

சுவரில் விழுந்த அளவுகளை, நாளும் நிமிடமும் போட்டு, அப்படியே எழுதி அனுப்பும். கூடியதை மட்டும் அல்ல, குறைந்ததையும்.

அன்புடன்,
உம் பழைய கூட்டாளி