கல்லூரி இயற்பியலுக்கு டியூஷன் எடுக்க ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கம் நீர்வளத்துறையில் லஸ்கராக வேலை பார்க்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்தால் ஷட்டரை ஏற்றி இறக்குவது, நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து எழுதுவது, முறை வைத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது, இதுதான் என் வேலை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என் மகளுக்கு இயற்பியல் சொல்லித்தர ஓர் ஆளைத் தேடிப் போன வருஷம் நான் அலைந்த அலைச்சலை இப்போது இந்தப் பக்கத்தில் இன்னும் பல பெற்றோர் அலைந்துகொண்டிருப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

மகள் ஓர் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் படிக்கிறாள். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மார்க், அந்தப் பாடம் பிடித்துப்போய்த்தான் அதில் சேர்ந்தாள், வேறு எதுவும் கிடைக்காமல் இல்லை. முதல் வருஷம் எப்படியோ ஓடியது. அப்புறம் மின்னியலும் காந்தவியலும் என்ற தாளில் விழுந்துவிட்டாள். பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு 30 எடுத்தால்தான் பாஸ். முதல் தடவை 19, அரியர் எழுதியபோது 22. இரண்டாவது ரிசல்ட் வந்த ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள், "நான் படிப்ப நிறுத்திக்கிறேன்ப்பா" என்றாள். அவள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். டியூஷன் வைத்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அது அவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரியாது.

நீடாமங்கலத்திலும் மன்னார்குடியிலும் எந்தச் சுவரைப் பார்த்தாலும் டியூஷன் போஸ்டர் இருக்கிறது. பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட், டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு எல்லாம் இருக்கிறது. கல்லூரிப் பாடத்துக்கு என்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கும்பகோணம் 1854-இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த அரசுக் கல்லூரி இருக்கிற ஊர், அங்கேயாவது கிடைப்பார்கள் என்று லீவு போட்டு இரண்டு நாள் விசாரித்தேன். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுப்பவர் ஒருவர் கிடைத்தார், பிஎஸ்சி இயற்பியல் என்றதும் கையை விரித்துவிட்டார். காரணத்தையும் அவரே சொன்னார், அது நியாயமாகத்தான் பட்டது. பிளஸ் டூவுக்கு மாநிலம் முழுக்க ஒரே புத்தகம், லட்சக்கணக்கான பிள்ளைகள், ஒரு தடவை தயார் பண்ணிக்கொண்டால் வருஷா வருஷம் அதையே எடுக்கலாம். கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வேறு, தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்குத் தனியாக ஒன்று, இத்தனைக்கும் நடுவில் ஒரு தாளுக்கு ஒரு ஊரில் நாலு பேர்தான் தேறுவார்கள். நாலு பேரை வைத்து யார் சென்டர் நடத்த முடியும்?

சரி என்று கிடைத்ததைப் பிடித்தேன். முதலில் நீட் கோச்சிங்கில் இயற்பியல் எடுக்கும் ஒருவர். கெட்டிக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பழக்கம் நாலு விடையில் சரியானதை அரை நிமிஷத்தில் பிடிப்பது, இவளுக்கு வேண்டியது பத்து மார்க் கேள்விக்கு இரண்டு பக்கம் நிரூபணம் எழுதுவது. ஒரு மாதத்தில் அவரே "இது எனக்குச் சரிப்பட்டு வராது சார்" என்று சொல்லிவிட்டார். அடுத்து, செல்போனில் பார்த்து ஓர் ஆன்லைன் டியூஷனில் என் நம்பரைக் கொடுத்தேன், அன்றைக்கே ஏழெட்டு போன். பதிவுக்கட்டணம் முதலில் கட்டுங்கள், ஆசிரியர் யார் என்று பிறகு சொல்கிறோம் என்றார்கள். கட்டினேன். மணிக்கு 600 ரூபாய். வந்தவர் வட இந்தியப் பக்கத்துக்காரர், இங்கிலீஷில் வேகமாகப் பேசினார், எங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. மகள் நாலு கிளாஸ் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஐந்தாவது கிளாஸுக்கு வேண்டாம் என்றுவிட்டாள். ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் பாடங்கள் 2003-இலிருந்து நடக்கின்றன, இலவசமாகப் பார்க்கலாம், அதையும் பார்த்தாள். அருமையான பாடங்கள் என்று அவளே சொல்கிறாள். ஆனால் அங்கே புரியவில்லை என்றால் நிறுத்திக் கேட்க ஆளில்லையே.

அவளுடைய கல்லூரி ஆசிரியர்களையே கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டேன். கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பணியைப் பாதிக்கிற மாதிரி தனி டியூஷன் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறையே சொல்கிறது. அது சரியான விதிதான், இல்லாவிட்டால் வகுப்பில் பாதியும் வீட்டில் மீதியும் என்று ஆகிவிடும். அந்தத் துறையில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள், எந்த வருஷம் வேலை இருக்கும் எந்த வருஷம் போகும் என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியில் ஆள் கிடைத்தது எங்கள் ஊரிலிருந்து மூன்றே கிலோமீட்டரில்.

2021-இல் கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வி என்று அரசு ஆரம்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தார்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என் தங்கை பையன் அதில் ஒரு பெண்ணிடம் போய்க்கொண்டிருந்தான். கோரையாற்றுக் கரையில் ஓட்டு வீடு. அந்தப் பெண் எம்எஸ்சி இயற்பியல், பிஎட் என்று என் தங்கை பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாள். ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறாள், குழந்தை பிறந்ததும் நிறுத்திவிட்டாள். நான் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். அவள் புத்தகத்தையே திறக்கவில்லை. மின்னியலில் வரும் காஸ் விதியை எழுதும்மா என்றாள். மகள் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். "எஸ் எழுத்த நீட்டிப் போட்டு நடுவுல ஒரு வட்டம் போட்டிருக்கியே, அது என்ன?" என்று கேட்டாள். மகளிடம் பதில் இல்லை. இரண்டு தடவை பரீட்சையில் எழுதிய குறி அது.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நாலடி அகல ஷட்டர், ஒரு அடி தூக்கியிருக்கீங்க, தண்ணி செகண்டுக்கு மூணு அடி ஓடுது. எவ்வளவு போகும்?"

"பன்னிரண்டு கன அடி" என்றேன். அது என் தினப்படி கணக்கு.

உள்ளே போய் ஒரு சல்லடையை எடுத்துவந்தாள். இதை ஓட்டத்துக்கு நேராகப் பிடித்தால் முழுத் தண்ணீரும் உள்ளே பாயும், கொஞ்சம் சாய்த்தால் குறையும், ஓட்டத்தோடு படுக்க வைத்தால் ஒன்றுமே போகாது, அந்தக் குறைவுக்குத்தான் கொசைன் தீட்டா என்றாள். "நீ பிளஸ் டூல மின்பாயம்னு படிச்சியே, அது இந்தப் பாயுறதுதான்." அடுத்து, "ஒரு கூடைய ஓடுற தண்ணிக்குள்ள முழுசா முக்கினா, உள்ள போறதும் வெளிய வர்றதும் சரியா இருக்கும், கழிச்சா பூஜ்ஜியம். கூடைக்குள்ள ஒரு ஊத்து இருந்தா?"

"வெளிய வர்றது கூட இருக்கும்" என்றாள் மகள்.

"அந்த ஊத்துதான் மின்னூட்டம். கூடையச் சுத்தி எல்லாப் பக்கமும் கூட்டிப் பாரு, அதுக்குத்தான் அந்த வட்டம்."

மகள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் அளக்கிற எனக்கும் அன்றைக்குத்தான் அவள் என்ன படிக்கிறாள் என்று விளங்கியது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தத் தாளின் பக்கமே போகவில்லை, வெக்டாரும் வகையீடும் தொகையீடும்தான். ஓட்டை அங்கேதான் இருந்தது. பள்ளியில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வரும், கல்லூரியில் சூத்திரத்தையே வருவிக்க வேண்டும், அதற்குக் கணக்கு கையில் இருக்க வேண்டும், அந்தக் கணக்கும் இங்கிலீஷில் வந்தது. செய்முறையிலும் இதே கதை. ஒளி திரும்பும் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றைச் சுற்றி ஆறு பேர் நின்றதால், அதில் நுணுக்கமாக அளக்க உதவும் சின்ன ஸ்கேலான வெர்னியரை இவள் சரியாகப் பார்த்ததே இல்லை. அந்தப் பெண் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மெயின் ஸ்கேலில் அரை டிகிரிக்கு ஒரு கோடு, வெர்னியரில் 30 கோடு போட்டு நகர்த்திக் காட்டி, ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைக்கும் எப்படி அளக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தாள். வாரத்தில் இரண்டு சாயங்காலம், மாதம் 1,200 ரூபாய். நவம்பர் தேர்வில் மகள் 75க்கு 48.

ஆள் தேடுகிறவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சிலது சொல்கிறேன். ஆளைப் பார்க்கப் போகும்போது பாடத்திட்டத்தையும் பழைய கேள்வித்தாள் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள், அதில் ஒரு கணக்கை உங்கள் பிள்ளை முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முக்கியக் கேள்வி தருகிறேன், மனப்பாடம் பண்ணினால் போதும் என்கிறவரிடம் போக வேண்டாம், 19 மார்க் அப்படி வந்ததுதான். ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள், செமஸ்டருக்கு மொத்தமாகக் கேட்டால் மாதாமாதம் தருகிறேன் என்று சொல்லுங்கள். பெண் பிள்ளை என்றால் டவுன் பஸ்ஸில் காசில்லை, ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டுதான் நேரம் பேச வேண்டும். முக்கியமாக, எல்லாத் தாளுக்கும் ஒரே ஆள் வேண்டும் என்று தேடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த அந்த எம்எஸ்சி பெண்ணே எலக்ட்ரானிக்ஸ் தனக்குச் சரியாக வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள், அப்படிச் சொல்கிறவரை நம்பலாம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இதுதான். என் மகள் பாஸான செய்தி தெரிந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அங்கே போகிறார்கள். போன மாதம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பையன் அவன் அப்பாவோடு வந்தான், வெப்ப இயற்பியலில் அரியர். அந்த வீட்டில் திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆளுக்கு இடமில்லை, மாமனார் வேறு உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறார். மனசில்லாமல்தான் திருப்பி அனுப்பினாள். அந்த அப்பா என்னைப் போலவேதான் இருந்தார், பாடத்திட்டத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

எம்எஸ்சி இயற்பியல், கணிதம், வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இந்த டெல்டாவில் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆசிரியர் வேலைக்கான டிஆர்பி தேர்வுக்குப் படித்துக்கொண்டு வருமானம் இல்லாமல் இருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் இருக்கிறார்கள். படித்தவர் டியூஷன் எடுப்பது குறைவான வேலை இல்லை, கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனே சென்னையில் வேலை கிடைப்பதற்கு முன் மாணவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துத்தான் காலம் தள்ளினார். ஆள் இருக்கிறது, தேவையும் இருக்கிறது, ஒருவருக்கு ஒருவர் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்த் தன்னார்வலர்களைக் கண்டுபிடிக்க முடிந்த அரசுக்கு, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அதைச் செய்ய முடியும். பெரிய திட்டம்கூட வேண்டாம். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு நோட்டு வைக்கட்டும், என்ன படித்திருக்கிறேன், எந்தத் தாள் எடுப்பேன், எந்த நாள் வர முடியும் என்று விருப்பமுள்ளவர்கள் அதில் எழுதட்டும், நூலகர் பட்டச் சான்றிதழைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். கல்லூரித் துறைத் தலைவர்கள் தங்கள் பழைய மாணவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் அந்த நூலகத்திலேயே ஒரு மேஜையும் நாலு நாற்காலியும் ஒதுக்கினால் திண்ணை இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

எங்கள் ஊர் நூலகரிடம் பேசிவிட்டேன், மேலே இருந்து ஒரு வார்த்தை வந்தால் செய்கிறேன் என்கிறார். மாவட்ட நூலக அலுவலர் இதைப் படித்தால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். பலகையும் மார்க்கரும் நான் வாங்கித் தருகிறேன். அந்த வலங்கைமான் பையனுடைய அப்பாவின் போன் நம்பரைக் கேஜ் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், இடம் கிடைத்த அன்றைக்கே கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லஸ்கர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.